இன்டேக் ஓட்டையில் ஒரு சாமந்திப்பூ

ஆயுத பூஜையன்று மதியம், நான் உயிரைக் கொடுத்துப் பிரித்துச் சேர்த்திருந்த இன்ஜினின் வாய்க்குள் ஒரு சாமந்திப்பூ இருந்தது. நல்ல பெரிய மஞ்சள் சாமந்தி. காம்பைக் கிள்ளி, ஓட்டையின் அளவு பார்த்து, ஆசையாகச் செருகியிருந்தது. சிலிண்டர் ஹெட்டில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது. பூவில் மட்டும் ஒரு பக்கத்து இதழ்களைக் காணோம்.

யாரோ செய்த வேலை என்று சொல்லலாம். யாரோ என்ன யாரோ, என் வீட்டுக்காரர்தான்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் அடைத்துப்போகும். அப்புறம் வரும் பாருங்கள், அது பாகூர் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். அன்றைக்கும் கேட்டது. எதிர்வீட்டில் சுண்டல் வாங்க வந்தவர்கள் சுண்டலை மறந்து எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

வீட்டில் வைத்துச் சின்ன வண்டி இன்ஜின் பிரித்துச் சேர்க்கப் பழகுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, முதல்ல எந்த டூல் வாங்கணும்?" இதை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான். பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் பொறுமை என்பது கிடையாது, உங்களுக்காவது இருக்கட்டும்.

1. வழவழப்பு என்றால் ரிஜெக்ட்

கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு சிலிண்டர் கம்பெனியில் ஹோனிங் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். ஹோனிங் என்பது சிலிண்டரின் உள்சுவரில் கல்லைச் சுழலவிட்டுக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குறுக்குக் கோடுகள் போடுவது. வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் ஒரு சிலிண்டரை நீட்டினார்.

"உள்ள கைய வுட்டுப் பாரும்மா. எப்படி இருக்குது?"

"வழவழன்னு சூப்பரா இருக்குது சார்."

"அப்ப அது ரிஜெக்ட். கோடு இருக்கணும். கோட்டுலதான் ஆயில் நிக்கும். ஒரு சிட்டிகை தூசி போதும், கோடும் போச்சு, பிஸ்டனைச் சுத்தி இருக்குற ரிங்கும் போச்சு."

அன்றைக்குப் பிடித்த தூசிப் பைத்தியம் இன்றுவரை விடவில்லை. அந்த செக்‌ஷனை வேறு ஊருக்கு மாற்றியபோது நான் வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரருக்குப் பாகூரில் மளிகைக்கடை. "கல்லாவுல உக்காரு, ஃபேன் காத்து இருக்குது, ராணி மாதிரி இரு" என்றார். ராணி ஒரு வாரம் உட்கார்ந்தாள். புளியை மடித்துக் கட்டுவதும் கடுகில் கல் பொறுக்குவதுமாக எனக்கு மண்டை காய்ந்துபோனது. கால் ஒரு இடத்தில் நிற்காத பிறவி நான். சும்மா உட்கார்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும்.

கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்குகிற ஷெட்டில் பாதியைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு மேஜை, இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், அளவாக முறுக்க ஒரு டார்க் ரெஞ்ச். தெருவில் புகை தள்ளிக்கொண்டு போன வண்டி ஒன்றை நானே நிறுத்திக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். அதிலிருந்து ஆள் வரத்தொடங்கியது. வில்லியனூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். முக்கால்வாசி டிரெயில் பைக்காரர்கள். உயரமான சக்கரம், முரட்டு டயர், லேசான உடம்பு, சின்ன இன்ஜின். சவுக்குத் தோப்பு, ஆற்று மணல், ஏரிக்கரை என்று ரோடு இல்லாத இடமாகத் தேடிப்போய் ஓட்டுகிற வண்டி அது. மண்ணிலேயே ஓடுவதால் மண்ணையே தின்னும். ஏர் ஃபில்டரைக் கொஞ்சம் அசட்டையாக விட்டால் சிலிண்டர் தேய்ந்துவிடும், அப்புறம் வண்டி என் ஷெட்டுக்கு வந்துவிடும்.

சேர்த்து முடித்த வண்டியை நானேதான் ஓட்டிப் பார்ப்பேன். சுடிதார், ஹெல்மெட், ஏரிக்கரை. "மளிகைக்கடைக்காரம்மா பறக்குது பாரு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வண்டி ரிப்பேர் ஆனாலும் என்னிடம்தானே வரவேண்டும்.

2. மாட்டு டாக்டரின் வண்டி

அமுதா மாட்டு டாக்டர். பூரணாங்குப்பத்துப் பெண். கரையாம்புத்தூர் பக்கம் எல்லையோரக் கிராமங்களுக்குப் போய் மாடு பார்ப்பாள். அங்கே பாதி வீடுகள் கரும்புக் கொல்லைகளுக்கு உள்ளே, தார் ரோட்டைவிட்டு வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. மழை பெய்துவிட்டால் அந்த மண்பாதையில் ஸ்கூட்டர் இறங்காது, காரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனால்தான் யாரிடமோ பழைய டிரெயில் பைக் ஒன்றை வாங்கி, பின்னால் மருந்துப்பெட்டி வைக்கக் கேரியர் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அது என்னிடம் வந்தபோது கொசுமருந்து வண்டி மாதிரி புகைந்தது. கிக்கரைக் கையாலேயே அழுத்தலாம், கம்ப்ரஷன் அவ்வளவு லட்சணம். பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் சுவரில் கீறல், ரிங் தேய்ந்து பிளேடு மாதிரி. சிலிண்டரை அடுத்த சைஸுக்குக் கடைந்து, ஹோனிங் போட்டு, புது பிஸ்டன், புது ரிங், வால்வு கசியாமல் உட்காரத் தேய்க்கிற லேப்பிங் எல்லாம் செய்தேன்.

"மழைக்கு முன்னாடி குடுத்துடுங்கக்கா. மழை வுழுந்துட்டா அந்தப் பக்கம் நான் ஒருத்திதான் போவ முடியும். அதுவும் இந்த வண்டி இருந்தாதான்" என்று வரும்போதெல்லாம் சொல்வாள்.

அவளிடம், பூஜைக்கு மறுநாள் காலையில் வண்டி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் மழை எங்கள் யாரையும் கேட்கவில்லை. பூஜைக்கு இரண்டு நாள் முன்பே பிடித்துக்கொண்டது.

3. பூஜைக்கு முந்தி எல்லாம் முடியவேண்டும்

என் வீட்டுக்காரர் சிவபக்தர். காலையில் பட்டை போடாமல் கடை ஷட்டரைத் தொடமாட்டார். என் வேலையில் அவர் எப்போதும் குறுக்கே வந்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு கண்டிஷன்தான். ஆயுத பூஜையன்று உச்சிப்பொழுதுக்குள் டூல்ஸ் அத்தனையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும். மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை ஒரு ஸ்பேனரையும் தொடக்கூடாது.

இதற்காக அந்த வருடமும் அவசர அவசரமாக வேலை செய்தேன். இன்ஜினை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கார்புரேட்டர் மட்டும் பாக்கி. சுத்தம் செய்து பையில் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் "வசந்தா, நேரமாச்சு" என்று மூன்று தரம் குரல் வந்துவிட்டது. சரி, நாளைக்குக் காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். கார்புரேட்டர் வந்து உட்காருகிற ஓட்டை, இன்டேக் என்போம், இன்ஜின் மூச்சு இழுக்கிற மூக்கு அதுதான், அதைத் துணியால் இறுக்கி அடைத்துவிட்டு, டூல்ஸைப் பலகையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு வடை சுடப் போனேன். அவர் கடைக்குப் பூஜை போட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்தார்.

வடைச்சட்டியை இறக்கிவிட்டு நான் ஷெட்டுக்கு வந்தபோது பார்த்ததுதான் அந்தச் சாமந்திப்பூ.

"ஏங்க, இங்க ஒரு துணி அடைச்சி வச்சிருந்தேனே, அது எங்க?"

"அதுவா? என் கிழிஞ்ச லுங்கித் துணிதானே. சாமி முன்னாடி கிழிஞ்ச லுங்கிய வைப்பாங்களா? தூக்கி வெளிய போட்டுட்டேன்."

"இந்தப் பூ?"

"ஓட்டை மூளியா இருந்துதுடி. அதான் வச்சேன். நல்லா இல்ல?"

"விபூதி உள்ள போச்சா?"

"போச்சாவா? நான்தான் கொஞ்சம் உள்ள தூவினேன். உள்ளதான் வேலை நடக்குதுன்னு நீதானே எப்பவும் சொல்லுவ?"

கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி. அதையும் கேட்டேன்.

"கிக்கரைத் தொட்டீங்களா?"

"மூணு தடவ உதைச்சேன். ஆயுதத்துக்கு ஒரு அசைவு குடுக்கணுமா இல்லியா? கடைத் தராசையும் ஆட்டிதானே வுட்டேன்."

தராசை ஆட்டினால் தராசு ஆடும். இன்ஜினை உதைத்தால் அது மூச்சு இழுக்கும். மூக்கில் விபூதியை வைத்துக்கொண்டு மூன்று முறை மூச்சு இழுத்திருக்கிறது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வால்வுத் தண்டில் எண்ணெயோடு குழைந்து சாம்பல் பசை ஒட்டியிருந்தது. சிலிண்டருக்குள்ளும் போயிருக்கும், அதில் சந்தேகமே இல்லை. தூசி போகக்கூடாது என்று பத்தியம் இருந்து செய்த இன்ஜினுக்குள், சலித்தெடுத்த சாம்பலைத் தூவியிருக்கிறார் மனுஷன், அதுவும் பக்தியோடு.

அழுகை வேறு வந்தது எனக்கு. நான் கத்திக்கொண்டே அழுதேன். அவர் கற்பூரத் தட்டோடு திருதிருவென்று நின்றார்.

4. காலில் சேற்றோடு வந்தவள்

கத்தி ஓய்ந்து, நாளைக்குத்தானே டாக்டரம்மா வருவாள், விடிந்ததும் திரும்பப் பிரிக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது அமுதாவே வந்து நின்றாள். ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறாள். கையில் மருந்துப்பெட்டி, காலெல்லாம் சேறு.

"அக்கா, வண்டி வேணும். இப்பவே. ஏழுமலை வூட்டு மாடு காலையிலேந்து வலியெடுத்து நிக்குது. கன்னுக்குட்டியோட ஒரு காலு மட்டும் வெளிய தெரியுதாம். இன்னொண்ணு உள்ள மடிஞ்சிருக்குது. நான் போயி கைய வுட்டுத் திருப்பலன்னா ரெண்டும் போயிடும்."

ஏழுமலை வீடு கரையாம்புத்தூரில், கரும்புக் கொல்லையின் கடைசியில். அந்த மனிதருக்கு அது ஒரே மாடு. நான் நடந்ததைச் சொன்னேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

"பரவால்லக்கா, கார்புரேட்டரை மாட்டுங்க, இப்படியே எடுத்துக்கினு போறேன். இன்ஜின் போனா போவட்டும்."

நான் கார்புரேட்டர் பையைக் கையில் எடுத்துவிட்டேன். மாட்டிவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண் மூடித் திறப்பதற்குள் மாட்டிவிடலாம். வண்டி போய்ச் சேரலாம். சேராமலும் போகலாம். புது பிஸ்டன், இறுக்கமான ரிங், நடுவில் சாம்பல் பசை. சேற்றில் லோ கியரில் முறுக்கினால் சூடேறும், சூடேறினால் ஜாமாகும். ஜாமானால் எங்கே ஜாமாகும்? கொல்லைக்கு நடுவில்தான். வண்டியை நம்பி ஒருத்தி உள்ளே போய், பாதி வழியில் நின்று, அங்கே மாடு செத்தால்? இருப்புக்கொள்ளாமல் ஷெட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

"அது நம்பிப் போற வண்டி இல்ல இப்ப" என்றேன். "நீ எங்க கடை மொபெட்டுல போ. தார் ரோடு வரைக்கும் அது போவும். அங்கேந்து நடந்துடு. நான் இதப் பிரிச்சிக் கழுவிட்டுப் பின்னாடியே வரேன்."

என் வீட்டுக்காரர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நான் கூட்டிக்கினு போறேன் டாக்டரம்மா. வாங்க."

மொபெட்டை மிதிக்கப் போனவர் திரும்பி என் கையைப் பார்த்தார். நான் பூஜைப் பலகை பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

"வசந்தா, ஸ்பேனரை எடுக்காதடி. மறுபூஜை ஆவல. சரஸ்வதி கோச்சுக்குவா."

"அவ படிச்சவ. அவளுக்குப் புரியும். நீங்க கிளம்புங்க."

5. புது வேட்டி

பூவை ஒதுக்கிவிட்டு, சந்தனப் பொட்டு வைத்த ஸ்பேனரை எடுத்தேன். பயமில்லை என்று சொல்லமாட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து பூஜைப் பலகையில் வைத்த எதையும் மறுபூஜைக்கு முன்னால் நான் எடுத்ததில்லை. ஒரு கும்பிடு போட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

டேங்க் இறங்கியது. சைலன்ஸர், ஹெட் கவர், டைமிங் செயின், அப்புறம் ஹெட். தூக்கிப் பார்த்தேன். புது பிஸ்டனின் தலையில் நிலா மாதிரி ஒரு மஞ்சள் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சாம்பல் சேறு. மேல் ரிங்கின் இடுக்கில் விபூதி வரி கட்டியிருந்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரிங்குக்கே பட்டை போட்டிருக்கிறது.

சிலிண்டரையும் உருவினேன். கழுவுவதற்குப் பெட்ரோல் மட்டும் போதாது. பெட்ரோல் எண்ணெயை எடுக்கும், துகளை எடுக்காது. வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துடைத்து, உடனே ஆயில் தடவவேண்டும், இல்லாவிட்டால் கண் எதிரிலேயே துரு பிடிக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்பி வரவேண்டும். அதுதான் டெஸ்ட். வேறு மெஷின் எதுவும் வேண்டாம்.

வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? பூஜைக்கென்று அவர் எடுத்த புது வேட்டி, தட்டில் மஞ்சள் தடவி மடித்து வைத்திருந்தது. கிழிந்த துணி ஆகாது என்றுதானே சொன்னார்? எடுத்து நெடுக்கக் கிழித்தேன். அந்த டர்ர் சத்தம் கேட்டபோது என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. முதல் துண்டு சாம்பலாக வந்தது. அடுத்தது மங்கலாக வந்தது. கழுவக் கழுவ, வேட்டி தீரத் தீர, கடைசியில் ஒரு துண்டு வெள்ளையாகவே வந்தது.

பிஸ்டனைச் சிலிண்டருக்குள் ஏற்றும்போது ரிங்கை நாலு பக்கமும் அமுக்கிப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். நான் ஒருத்தி. இரண்டு கை விரல் நகத்தாலும் அமுக்கி, சிலிண்டரை மோவாயால் அழுத்தி இறக்கினேன். மோவாயில் இன்னும் தழும்பு இருக்கிறது. அடுத்த கண்டம் ஹெட் கேஸ்கெட், ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு. ஒருமுறை இறுக்கிய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக்கூடாது. உங்களுக்கும் சொல்கிறேன், போடாதீர்கள். ஆனால் என்னிடம் வேறு இல்லை, பூஜைக்காக ஸ்பேர்ஸ் கடை எல்லாம் மூடிக்கிடக்கிறது. சூடு பார்க்காத கேஸ்கெட்தானே, தாங்கும் என்று மனசுக்குச் சொன்னேன். மனசு நம்பவில்லை. டார்க் ரெஞ்சை வைத்து நட்டுகளை இறுக்கும்போது சரஸ்வதி படத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். "தாயே, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். இந்த கேஸ்கெட்டை மட்டும் நீ பாத்துக்க."

கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், டேங்க். உதைத்தேன், ஒன்றுமில்லை. திரும்ப உதைத்தேன், ஒரு இருமல். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. கம்பெனியிலும் வீட்டிலும் எத்தனையோ இன்ஜின் சத்தம் கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கேட்ட மாதிரி ஒன்று கேட்டதில்லை.

அதே நேரம் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"வசந்தா, தார் ரோட்ட வுட்டு எறங்கினதுமே மொபெட்டு சேத்துல பூந்துக்கிச்சு. டாக்டரம்மா கயிறும் கையுறையும் மட்டும் எடுத்துக்கினு உள்ள நடந்து போயிட்டாங்க. மருந்துப்பெட்டி என்னாண்ட இருக்குது. என் முட்டிய வச்சிக்கினு இதத் தூக்கிக்கினு நடக்க முடியல. மாட்டுக்கு பாட்டில் ஏத்தணும், சீக்கிரம் அனுப்புங்கன்னு இப்ப போன் பண்ணாங்க. இன்னா பண்றது?"

"அங்கேயே நில்லுங்க."

6. பின்னால் உட்கார்ந்த பக்தர்

புது ரிங் போட்ட இன்ஜினை முதல் ஓட்டத்தில் முறுக்கக்கூடாது. ஒரே வேகத்திலும் போகக்கூடாது. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, குழந்தைக்கு நடை பழக்குவது போல ஓட்டவேண்டும். தார் ரோட்டில் அப்படித்தான் ஓட்டினேன். எதிரே சாரல். காது முழுக்க ஹெட் பக்கம்தான். கேஸ்கெட் போனால் முதலில் 'ப்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். வழியெல்லாம் அந்தச் சத்தத்துக்காகவே காத்துக்கொண்டு போனேன். தவளை கத்தினாலும் திடுக்கிட்டேன்.

தார் ரோடு முடிகிற இடத்தில் அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மழையில் விபூதியெல்லாம் கரைந்து, நெற்றி வெறுமனே இருந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் வெறும் நெற்றியோடு அவரைப் பார்த்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது.

"ஏறுங்க."

"நானா? உன் பின்னாலயா?"

"முன்னால உக்காந்து பூஜை போடப் போறீங்களா? ஏறுங்கன்னா."

ஏறினார். பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில். மண்பாதையில் இறங்கியதும் பின்சக்கரம் வழுக்கியது. இனி முறுக்காமல் முடியாது. முறுக்கினேன். சேறு வாரி அடித்தது. கரும்புத் தோகை இரண்டு பக்கமும் முகத்தில் அறைந்தது. அவர் பின்னால் சிவசிவா, சிவசிவா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "சத்தம் போடாதீங்க, எனக்கு இன்ஜின் கேக்கணும்" என்றேன். வாயை மூடிக்கொண்டார்.

'ப்ஸ்' வரவில்லை. கடைசிவரை வரவில்லை.

ஏழுமலை வீட்டு மாட்டுக்கொட்டகையில், அமுதா தோள்வரை ரத்தமும் வழும்புமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாக்கின்மேல் ஒரு கிடேரிக் கன்று ஈரத்தோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கன்றைத் திருப்பி உயிரோடு எடுத்துவிட்டாள். ஆனால் மாடு படுத்துவிட்டது. கழுத்தை வயிற்றுப்பக்கம் மடித்துப்போட்டு, காது ஜில்லென்று கிடந்தது.

"பெட்டி!" என்றாள் அமுதா.

கன்று போட்டதும் உடம்பில் கால்சியம் இறங்கிப்போனால் மாடு இப்படித்தான் படுத்துவிடுமாம். கால்சியம் பாட்டிலைக் குத்தி, கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றினாள். பாட்டிலை உயர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் தானாகவே வந்து வாங்கிக்கொண்டார். முட்டி வலியோடு, கையை உயரத் தூக்கி, அசையாமல் நின்றார். நாங்கள் எல்லோரும் மாட்டின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழுமலை மாட்டைப் பார்க்கவும் முடியாமல் போகவும் முடியாமல் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டில் பாதி இறங்கியபோது மாடு காதை ஆட்டியது. அப்புறம் ஒரு ஏப்பம் விட்டது. அமுதா சிரித்துவிட்டாள். "பொழைச்சிக்கிச்சு" என்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மாடு முன்காலை ஊன்றி, ஒரு தரம் சரிந்து, மறுபடி ஊன்றி, எழுந்து நின்று கன்றை நக்கத் தொடங்கியது. ஏழுமலை வாய்விட்டு அழுதார். நானும்தான். எனக்கு அன்றைக்கு அழுகையும் கோபமும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன.

ஏழுமலை திடீரென்று வீட்டுக்குள் ஓடினார். ஒரு தட்டோடு திரும்பினார். தட்டில் விபூதி, குங்குமம், ஒரு கொத்துச் செம்பருத்தி. "இந்த வண்டி மட்டும் வரலன்னா என் குடும்பமே நடுத்தெருவுலதான்" என்று சொல்லிக்கொண்டே, விபூதியை அள்ளி நேராக இன்ஜினை நோக்கிக் குனிந்தார்.

"யோவ் ஏழுமலை!"

கத்தியது நான் இல்லை. பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர். கையை இறக்க முடியாது, இருந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"இன்ஜின்ல வைக்காதய்யா! மேல லைட்டுல வை!"

ஏழுமலை மிரண்டுபோனார். "ஏன் மொதலாளி? சாமி விபூதிதானே?"

"சாமி விபூதிதான். ஆனா உள்ள வேலை நடக்குது."

ஏர் ஃபில்டர் மாட்டியிருந்தது, இன்ஜின் மேல் வைத்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் அதைச் சொல்லவில்லை.

7. முதல் டூல்

மறுநாள் மறுபூஜை நடந்தது. சரஸ்வதி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வேட்டி எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அமுதா வண்டியை எடுத்துப்போனாள். சில மாதம் கழித்து அதைத் திறந்தபோது சிலிண்டர் சுவரில் முடி மாதிரி ஒரே ஒரு கீறல் இருந்தது. திரும்பக் கடைந்து தருகிறேன் என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்கா, நல்லாதானே ஓடுது" என்று சொல்லிவிட்டாள். எனக்குத்தான் அந்தக் கீறல் இன்னும் உறுத்துகிறது.

அந்த மறுபூஜை முடிந்ததும் என் வீட்டுக்காரர் கடைக்குள் போய், வேண்டுதலுக்குக் காசு முடிந்து வைப்பதற்கென்று விற்கிற மஞ்சள் துணியில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

"இனிமே ஓட்டைய இதால மூடிக் கட்டு. கிழிஞ்ச லுங்கின்னா எவன் வேணாலும் புடுங்கிப் போட்டுடுவான். மஞ்சத் துணிய எவனும் அவுக்க மாட்டான். நானும் அவுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து என் ஷெட்டில் திறந்துகிடக்கிற எந்த இன்ஜினுக்கும் வாயில் மஞ்சள் துணிதான். வருகிறவர்கள் ஏதோ குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒருத்தர்கூடக் கை வைத்ததில்லை. சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது பிள்ளைகளே, நம் வீட்டு ஆட்கள் மதிக்கிற மாதிரியும் மூடிவைக்கத் தெரியவேண்டும்.

ஆகவே முதலில் ஒரு முழம் மஞ்சள் துணி வாங்குங்கள். ஸ்பேனரெல்லாம் அப்புறம்.